ஆறு நாற்பது பஸ்ஸும் ஒரு தொலைநோக்கியும்

நேசபாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். எதனால் வருகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. திற்பரப்பு போகிற ரோட்டோரத்தில் இருக்கும் அந்தப் பள்ளியில் அவள் இருபத்திரண்டு வருஷமாக ஆய்வக உதவியாளர். பிள்ளைகளுக்கு லேப் அக்கா. குடுவை கழுவுவது, தராசு துடைப்பது, வாத்தியார் மறந்துபோனதை அவர் காதில் மட்டும் விழும்படி எடுத்துச் சொல்வது, எல்லாம் அவள் தலையில்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குவைத்தில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்குச் சின்னத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தார். கை நீளக் குழாய், நல்ல கண்ணாடி. கூட வந்த ஸ்டாண்டுதான் நோஞ்சான். பக்கத்தில் நின்று தும்மினாலே ஆடும். முதல் நாளே அதன் பிளாஸ்டிக் மூட்டு ஒடிந்தது. இயற்பியல் வாத்தியார் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அலமாரியில் பூட்டிவிட்டு, கம்பெனிக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். அவர் எழுதவே இல்லை என்பது நேசபாய்க்குத் தெரியும். அதே அலமாரியில்தான் புது மைக்ரோஸ்கோப்பும் கிடக்கிறது. ஒரு பிரமுகர் வந்து திறந்துவைத்தார், போட்டோ எடுத்தார்கள், பூட்டினார்கள். இன்றுவரை ஒரு பிள்ளையின் கண் அதில் பட்டதில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன ஜனவரியில் அவள் பொறுமை தீர்ந்தது. தங்கை புருஷன் எபிசன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அவனுடைய கனமான கேமரா ஸ்டாண்டை வாங்கி வந்தாள். ஸ்டாண்டின் திருகாணியோ தொலைநோக்கியின் அடியில் இருந்த துளைக்குள் லொடலொடத்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு குலசேகரத்தில் குமாரதாஸின் லேத்துப் பட்டறைக்குப் போனாள். அவர் ஒரு இரும்புப் பட்டையில் துளை போட்டு, அந்தத் திருகாணிக்குச் சரியாக மரை வெட்டிக் கொடுத்தார்.

"டேப்பு வச்சி அளந்து நடுவுல மாட்டணும், கேட்டியளா?" என்றார்.

"நடு வேற, எடை நிக்கிய எடம் வேற, அண்ணே. முன்னால கண்ணாடி இருக்குல்லா? நடுவுல மாட்டினா மூக்கு குத்தி விழும்."

"நீங்க சயின்ஸ் டீச்சரா?"

"லேப்பு தொடைக்கியவ."

வருஷா வருஷம் அளவுகோலைக் கத்தி விளிம்பில் நிறுத்திக் காட்டிய கை அது. குழாயைப் பென்சில் மேல் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தி, எந்தப் பக்கமும் சாயாத இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். பட்டையை அங்கே மாட்டினாள். ஸ்டாண்டின் நடுவில் இரண்டு கிலோ மணல் பையைத் தொங்கவிட்டாள். அன்று சாயங்காலம் வளர்பிறை நிலா குழாய்க்குள் வந்து அசையாமல் நின்றது. குழிகளின் ஓரத்தில் நிழல்கூடத் தெரிந்தது. இதை நாளைக்கே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

தலைமையாசிரியர் யேசுதாசன் ஸ்டாண்டைப் பார்த்தார், சிரித்தார், உடனே விழா என்றார். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு ஜவுளிக்கடை முதலாளி வந்து தொலைநோக்கியைத் திறந்துவைப்பதாக ஏற்பாடானது. குழாயைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஆறு நாற்பது பஸ்தான் கடைசி.

ஐந்து போய் ஆறாயிற்று. முதலாளி வரவில்லை. தென்னைகளுக்கு மேலே நிலா பளிச்சென்று நின்றது.

"சார், பஸ்ஸுக்குப் போவ வேண்டிய பிள்ளைய மட்டும் பாத்துரட்டு."

"சீஃப் கெஸ்ட் பாக்காம எப்பிடிம்மா? மரியாதை வேண்டாமா?"

ஆறு இருபதுக்கு முதலாளி இப்போதுதான் வடசேரி தாண்டுகிறார் என்று போன் வந்தது. அங்கிருந்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"சார், பஸ்ஸு போயிரும்."

"அதுக்கு நான் என்ன செய்ய? அந்தப் பிள்ளைகள் இன்னொரு நாள் பாக்கட்டும்."

நேசபாய் படித்ததும் இதே பள்ளியில்தான், வந்து போனதும் இதே பஸ்ஸில்தான். பரிசு கொடுக்கும்போது, நாடகம் தொடங்கும்போது, ஒவ்வொரு விழாவிலும் பாதியில் எழுந்து பஸ்ஸுக்கு ஓடியவள். இன்னொரு நாள் என்ற நாள் ஒருபோதும் வந்ததில்லை. நாளைக்கு இந்தக் குழாயும் மைக்ரோஸ்கோப்புக்குத் துணையாகப் பூட்டப்படும். இந்த ஆட்களுக்கு மரியாதை என்றால் காரில் வருகிறவனுக்கு மட்டும்தானா?

ரிப்பனை அவிழ்த்துத் தலைமையாசிரியர் மேசையில் வைத்தாள். ஸ்டாண்டின் கால்களை மடக்கினாள். தொலைநோக்கியோடு அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பஸ்ஸுக்குப் போற பிள்ளைய எல்லாம் எனக்க பெறத்த வாங்க மக்கா."

பிள்ளைகள் பின்னால் வர, கேட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, நிறுத்தத்தில் ஸ்டாண்டை விரித்தாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பகவதியப்பனிடம் போய், "அண்ணே, பத்து நிமிஷம் நிப்பாட்டணும். எஞ்சினையும் ஆஃப் பண்ணச் சொல்லுங்க, நெலா ஆடுது" என்றாள்.

அவர் நிலாவைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். எஞ்சின் நின்றது.

"மொதல்ல நீங்க பாருங்கண்ணே."

"பிள்ளைய பாக்கட்டும்மா. நான் கடைசியில பாக்கேன்."

ஒவ்வொரு பிள்ளையாகக் குனிந்தது. நிலா நகர நகர நேசபாய் குழாயை இழையளவு தள்ளிக்கொடுத்தாள். "யக்கா, குழி குழியா கெடக்கு!" என்று ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி கண்ணை எடுக்கவே மாட்டேன் என்றாள். யேசுதாசன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"நேசபாய், ரிப்பன் எங்க?"

"உங்க மேசையில சார்."

முப்பத்தொரு பேரும் பார்த்தார்கள். கண்டக்டரும் பார்த்தார். ஆறு ஐம்பத்திரண்டுக்கு பஸ் கிளம்பியது.

முதலாளி ஏழரைக்கு வந்தார். மறுபடி கட்டிய ரிப்பனை வெட்டினார். குழாயைக் கைப்பிடி மாதிரி இறுக்கிப் பிடித்துப் போட்டோவுக்கு நின்றார். கண்ணை வைத்துப் பார்க்கவே இல்லை. சாப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நேசபாய்க்கு மெமோ வந்தது. முக்கிய விருந்தினர் வருவதற்கு முன் தொலைநோக்கியை எடுத்துச் சென்று காட்டியது ஏன்? எழுத்துமூலம் விளக்கம் தேவை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தாளில்கூட அவளுக்கு நன்றி என்று எழுதியிராத கை போட்ட கையெழுத்து அது.

லேப் மேசையில் உட்கார்ந்து, முப்பத்தொரு பிள்ளைகளின் பெயரையும் வகுப்போடு வரிசையாக எழுதினாள். கீழே ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்:

"மேற்கண்ட முக்கிய விருந்தினர்கள் அனைவரும் குறித்த நேரத்துக்கு வந்துவிட்டதால் காட்டப்பட்டது."