சுய சான்றொப்பமிட்ட திருடன்

விதிமுறை தெரிந்தவன் ஏமாற மாட்டான் என்று நம்பும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அந்தமானின் போர்ட் பிளேரில் முப்பது வருடம் அரசாங்க பில்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன்.

மனைவிக்குச் சென்னையில் இதய ஆபரேஷன் என்று முடிவானதும், வைத்திருந்த கிரிப்டோ நாணயங்களை இணையத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு மெயின்லேண்ட்காரருக்கு விற்றேன். அடையாள அட்டை நகலில் சுய சான்றொப்பம் கேட்டேன், பணிவாக அனுப்பினார். பணம் ஒரு செயலி வழியாக வந்து சேர்ந்ததும் நாணயங்களை அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் அபர்டீன் பஜாரில் விமான டிக்கெட் எடுக்கப் போனபோது கார்டு வேலை செய்யவில்லை. வங்கிக்கு ஓடினேன்.

"அங்கிள், யாரோ வேற ஒருத்தரோட அக்கவுண்ட்ல புகுந்து அவர் பணத்தை உங்களுக்கு அனுப்பிட்டாங்களாம். அந்த அக்கவுண்ட்காரர் கம்ப்ளெயின்ட் குடுத்துட்டார். பைசா வாபஸ் போயிடுச்சு. விசாரணை முடியுற வரைக்கும் உங்க அக்கவுண்ட்டும் லாக்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"என் நாணயம்?"

"அது வாபஸ் வராது அங்கிள்."

நகல், கையெழுத்து, தேதி எல்லாம் சரி, அட்டைக்கு உரியவர் வேறு, அதை எனக்கு அனுப்பியவன் வேறு. ஆபரேஷனுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஓய்வூதியமும் அதே கணக்கில்தான். போலீஸ் என்னையும் கூட்டாளி என்று நினைத்தால்?

"திருடன்கிட்டயும் ஜெராக்ஸ் கேட்டு வாங்குன ஒரே ஆள் நீங்கதான்" என்று, வீட்டில் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தபடி மனைவி வளையல்களைக் கழற்றினாள். மிச்சமிருந்தது அவ்வளவுதான் என்று புரிந்தபோதுதான் எனக்குப் பயம் உச்சத்துக்குப் போனது.

வளையல்களை அடகு வைத்து ஆபரேஷன் நடந்தது. கணக்கு திறக்க நான்கு மாதமாயிற்று. அனுப்பியவர் திரும்பப் பிடுங்கிக்கொள்ள முடிகிற பணத்துக்கு, திரும்பி வராத பொருளை இப்போது நான் கொடுப்பதில்லை. போனில் பணம் வந்ததாக மணி அடித்தால் அவள் நிம்மதியாகத்தான் இருக்கிறாள். படபடப்பது என் நெஞ்சு.