ரசம் பூசுகிற சிக்கந்தர் பாய்

கண்ணாடியை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, முதுகுப் பக்கம் தெருவில் நிற்கும் மின்கம்பத்தை அதற்குள் பார்க்கிறார் சிக்கந்தர் பாய். கம்பம் நேராகத் தெரிய வேண்டும். இம்மி நெளிந்தாலும் அந்தக் கண்ணாடி கழித்துப் போட்டதுதான். தன் முகத்தைக் காட்டி அவர் சோதிப்பதில்லை. "மூஞ்சி கோணலாத் தெரிஞ்சா நம்ம மூஞ்சியே அப்படித்தான்னு விட்ருவோம்ணே. கம்பத்துல அந்தச் சந்தேகம் வராது."

தெற்குவாசலை ஒட்டிய சந்தில் அவருடைய பட்டறை. கண்ணாடியின் பின்பக்கம் ரசமாகப் பூசுகிற வெள்ளிக் கரைசல் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்திருக்கும். எந்த சோப்புக்கும் போகாது. டீக்கடை பெஞ்சில் புதிதாக வந்து உட்காருகிறவர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சற்றே நகர்வார்கள். பாய் டீயை ஊதிக்கொண்டிருப்பார்.

ஊரில் இவர் பேர் சொல்வது கண்ணாடியைச் சுற்றி வருகிற சட்டத்தால்தான். மேலே பள்ளிவாசல் முகப்பைப் போல வளைவு. அதன் கீழே எட்டு முனை நட்சத்திரங்கள், ஒன்றின் முனையில் அடுத்தது பிறந்து, எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாதபடி சுற்றி வரும். நட்சத்திரங்களின் நடுவே மினுக்குவது கண்ணாடிச் சில்லு. ஹைதராபாத்தில் கற்றுக்கொண்ட வேலை. வடக்கு மாசி வீதியிலிருந்து பாகீரதி என்ற அம்மாள் வந்து, வளைவின் இரண்டு பக்கமும் மயில் வேண்டும் என்று கேட்டார். "உசிருள்ளதை நம்ம கை போடாதும்மா. கொடி கேளுங்க, பூக் கேளுங்க. நட்சத்திரம் எம்புட்டு வேணும்னாலும் தாரேன்" என்றார் பாய். அந்த அம்மாளும் கொடி போதும் என்று வாங்கிப் போனார். கல்யாண மாதங்களில் சீர்வரிசைக்கென்று வருகிறவர்கள் சந்து முனை வரை நிற்பார்கள்.

சில்லுகளை வெட்டி ஒட்டுவது அவருடைய ஒரே மகள் ஜைத்தூன். பட்டறையின் பின்பாதியில், ஒரு திரைக்கு அப்பால் இருப்பாள். கழுத்திலிருந்து இடது கன்னம் வரை அவளுக்கு வெண்புள்ளி படர்ந்திருக்கிறது.

எழுபத்தெட்டாம் வருஷம் அவளுக்குத் திண்டுக்கல்லில் மாப்பிள்ளை அமைந்தது. வெண்புள்ளியைப் பற்றித் தரகரிடம் பாய் ஒளிக்காமல் சொன்னார். "அதெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியாச்சு" என்றான் தரகன். சொல்லியிருக்கவில்லை. பாயின் மனைவி வீட்டில் ஒரு வழக்கம். நிக்காஹ் முடிந்ததும் மணமக்களை எதிரெதிரே உட்காரவைத்து, இருவர் தலைக்கும் மேலாக ஒரே துப்பட்டாவைப் போர்த்தி, நடுவில் கண்ணாடி வைப்பார்கள். மாப்பிள்ளை பெண்ணின் முகத்தை முதன்முதலாகப் பார்ப்பது அதில்தான். மகளுக்கென்று பாயே ஒரு கண்ணாடி செய்தார்.

ஒருநாள் மழைக்கு நான் ஒதுங்கியபோது இதை அவர் சொன்னார். "அது மாதிரி ஒரு ரசம் என் கைக்கு அதுக்கப்புறம் விழலண்ணே. அம்புட்டுத் துல்லியம். கண் இமை முடியை எண்ணிரலாம்."

மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தான். துப்பட்டாவை விலக்கிக்கொண்டு எழுந்து, கை கழுவப் போவதைப் போல வெளியே போனான். வேன் கிளம்பும் சத்தம் பந்தலுக்குள் கேட்டது. பிறகு ஜமாத்தில் பேசி உறவை முடித்துக்கொண்டார்கள். அந்த வருஷமே பாயின் மனைவி மவுத்தாகிவிட்டாள். அடக்கம் முடிந்ததும் ஜைத்தூன் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து சில்லு வெட்டத் தொடங்கினாள். தகப்பனும் மகளும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்றார் பாய்.

போன தை மாதம் நான் பட்டறையில் இருந்தபோது, பரவையிலிருந்து பாண்டியம்மாள் என்ற, வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண் வந்தாள். மகள் கல்யாணச் சீருக்குக் கண்ணாடி சொல்லியிருந்தாள். சட்டம் தயார், ரசம் பூசுவதுதான் பாக்கி. நட்சத்திரங்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாய், தப்பா நெனைக்காதீக. எம் மக சோலையம்மாளுக்குச் சின்னதுல மூஞ்சியில ஆத்தா வெளையாடிட்டா. அம்மைத் தழும்பு குழி குழியா நிக்குது. கண்ணாடியப் பாத்தாலே அழுகுறா. போற எடத்துலயும் அழுதுட்டு நின்னா அவுக என்ன நெனைப்பாக? ரசத்தைக் கொஞ்சம் மங்கலாப் போட்டுக் குடுங்களேன்."

"கண்ணாடின்னா உள்ளதைக் காட்டணும்மா" என்றார் பாய். "மங்கலாப் போட எனக்குக் கை வராது. வேற யார்ட்டயாவது பாருங்க."

பாண்டியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். திரைக்குப் பின்னால் சில்லு வெட்டும் சத்தம் நின்றது.

"மங்கலாவே போட்டுக் குடுங்க, அத்தா" என்றாள் ஜைத்தூன் தகப்பனிடம். "அந்தப் புள்ளையாச்சும் நல்லா இருக்கட்டும்."

பாய் திரைப் பக்கம் திரும்பவில்லை. கலக்கி வைத்திருந்த வெள்ளிக் கரைசலை அருகில் இழுத்து, சொம்பைச் சாய்த்து அதில் தண்ணீர் ஊற்றினார். போதும் என்று எனக்குத் தோன்றிய பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார்.