செம்புக் கம்பி சுற்றியவர்

துறைமுக வீதியில் எந்தக் குசினியிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசம் வந்தாலும், பியானோக் கம்பி செய்கிற அந்த மனிதரின் முகச்சுளிப்பு என் முன் வந்து நிற்கும்.

உப்புக்காற்றில் பியானோவின் செம்பு சுற்றிய அடிச்சுரக் கம்பிகள் பச்சை பூத்துவிடுமென்று பயந்து, என் மனைவி அவற்றுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டாள். கதவுப் பூட்டுக்கும் தையல் மெசினுக்கும் பூசுகிறவள்தானே. எண்ணெய் செம்புச் சுற்றுக்குள் இறங்கியது. ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் சுரங்கள் செத்துப்போயின. அவளிடம் பியானோ படித்த பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

கம்பி செய்கிறவர் வந்தார். ஒல்லியான உடம்பு, விரல்களெல்லாம் கம்பி அறுத்த தழும்பு. மூடியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ரீச்சர், இது பியானோவோ, பொரிக்கிற சட்டியோ?"

பழையவற்றைக் கழற்றிக் கொண்டுபோனார். சுழலும் உருக்குக் கம்பியில் செம்பை வெறுங்கையால் நெருக்கிச் சுற்றி, புதிதாகச் செய்துகொண்டு வந்தார். ஆணியில் கொளுவுமுன் ஒவ்வொன்றையும் சுற்றின போக்கிலேயே ஒருமுறை முறுக்கினார். இல்லாவிட்டால் செம்பு தளர்ந்து இரையுமாம். முறுக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டார்.

கடைசிச் சுரத்தை அழுத்தியபோது சுவரே அதிர்ந்தது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிப் பிள்ளையள் திரும்பி வருவினம், என்ன?"

"புதுக் கம்பி இழுபட்டுச் சுரம் இறங்கும். ஒவ்வொரு நாளும் வாசியுங்கோ, ரீச்சர்."

"நான் கேட்டது பிள்ளையளை. உங்கட மகளையும் அனுப்புங்கோவன்."

அவர் வாசலில் நின்று செருப்பை மாட்டினார். நான் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவவைக் கீபோட் வகுப்பிலை விட்டிட்டன், ரீச்சர். அதிலை கம்பி இல்லை."