காற்று தணிந்தபோது

புனேவை ஒட்டிய கடக்வாஸ்லா ஏரியில் பாய்மரப் படகுப் போட்டி. கரையில் நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு ஒரு பெண் ஓடிவருகிறார். புனேயின் கோந்த்வா பகுதியில் வசிக்கும் சுதா.

“தமிழா நீங்க? என் பார்ட்னருக்குக் காய்ச்சல். ரெண்டு பேர் இல்லாம விடமாட்டாங்க. வர்றீங்களா?”

“எனக்கு நீச்சல் தெரியாதுங்க.”

“லைஃப் ஜாக்கெட் இருக்கு. நான் சொல்ற பக்கம் உக்காந்தா போதும். சலோ!”

அவருடையது பழைய ஒட்டுப்பலகைப் படகு. ஏரிகளின் மெல்லிய காற்றுக்கும் ஓடட்டும் என்று பெரிய பாய் வைத்து இங்கிலாந்தில் வடிவமைத்த ரகம். புதிய ஃபைபர் படகுகள் முதலில் முந்திப் பறக்கின்றன. பாதி வழியில் காற்று தணிகிறது. அவை திணற, எங்கள் நீலப் பாய் புடைத்தே நிற்கிறது. மூன்றாவதாக வருகிறோம்.

“ரொம்ப தேங்க்ஸ்ங்க” என்கிறார் சுதா.

லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றியபடி, “நான்தாங்க சொல்லணும்” என்கிறேன்.