பத்தொன்பது சிவப்புக் குறிகள்

காலை ஏழு மணி நாற்பது நிமிடம். ஈப்போவில் அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, நீள மேசையில் கவிழ்த்து வைத்திருந்த பத்தொன்பது கிண்ணங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மெழுகுப் பென்சிலால் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் மலேசியத் தமிழ் நாளிதழ் ஒன்றின் ஈப்போ நிருபர். பின்லாந்திலிருந்து வந்த பீங்கான் கலைப்பொருள்களின் கண்காட்சி அன்று மாலை தொடங்கவிருந்தது. பெட்டிகளைப் பிரிக்க, சிம்பாங் பூலாய் பக்கத்துப் பீங்கான் தொழிற்சாலையிலிருந்து மூன்று பெண்களை அனுப்பியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா.

பத்து காஜா என்ற ஊரருகே நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டம் விற்கப்படும் வரை அக்கா அங்கே பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தாள். பிறகு இந்தத் தொழிற்சாலையில், சூளையிலிருந்து இறங்கும் கோப்பைகளைச் சோதிக்கும் வேலை. விரல் முட்டியால் தட்டுவாள், விளிம்பைத் தடவுவாள், குறை இருந்தால் கவிழ்த்து வைத்துச் சிவப்புக் குறி போடுவாள். மூன்று ஆண்டுகளாகத் தற்காலிகம். வேலைக்கு வரும் நேரத்தைப் பதியும் பஞ்ச் கார்டு தற்காலிகத் தொழிலாளர்களுக்கு மஞ்சள் நிறம், நிரந்தரமானவர்களுக்கு நீலம். அவளை நிரந்தரமாக்கலாமா என்று சூப்பர்வைசர் எழுதித்தர வேண்டிய வாரம் அது.

பெட்டியில் வருபவை கலைப்பொருள்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. இருபத்தெட்டுக் கிண்ணங்களையும் தொழிற்சாலை முறைப்படியே சோதித்துவிட்டாள்.

எனக்குப் பின்னால் வந்த சூப்பர்வைசர் மேசையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னாம்மா இது? எல்லாத்தையும் ரிஜெக்ட்டுன்னு ஒதுக்கிட்டே!"

"எல்லாம் இல்லண்ணே, ஒம்பது நல்லாருக்கு. மத்ததப் பாருங்க, வாய் கோணலு, பக்கச் சுவத்துல கல்லு துருத்துது. நம்ம லைன்ல வந்தா நீங்களே வுட மாட்டீங்க லா."

"இது கலை லா! இதப் பாக்கத்தான் பெரிய மனுசங்கல்லாம் வாராங்க!"

பெட்டிகளில் இருந்த வைக்கோலை அள்ளிக்கொண்டிருந்த இன்னொரு பெண் நிமிர்ந்தாள். "கோணலா இருந்தா கலையாண்ணே? அப்ப எங்க வீட்டுக்காரரையும் கொண்டாந்து மேசையில வைக்கலாம்."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அக்கா பென்சிலை மடியில் செருகிக்கொண்டாள்.

எட்டு மணிக்கு, அந்தக் கிண்ணங்களைச் செய்த பின்லாந்துக் கலைஞர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்டு முடிக்கும் முன்பே முதல் கிண்ணத்தை எடுத்து, இதில் என்ன குறை என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"வாய் நேரா இல்ல."

வேண்டுமென்றே செய்தது என்றார். அடுத்ததில் துருத்திய கற்களும் அப்படித்தான். மூன்றாவதன் புறமெங்கும் மேலோட்டமான வெடிப்புகள். பனி உருகியபின் தன் ஊர் ஆற்றங்கரை இப்படித்தான் கிடக்கும் என்றார்.

"எங்க ஊருல ஈயம் தோண்டுன குட்டை வத்துனா இப்படித்தான் வெடிக்கும்," என்றாள் அக்கா. அந்தக் கிண்ணத்தை அவளே நிமிர்த்தி வைத்தாள்.

இப்படியே பதினெட்டுக் கிண்ணங்கள் நிமிர்ந்தன. கடைசியாக ஒன்று, சாம்பல் நிறம், வழவழப்பானது. கோணல் இல்லை, கல் இல்லை. அன்று மாலை சிறப்பு விருந்தினருக்குப் பரிசாகத் தர எடுத்துவந்தது.

"இத ஏம்மா கவுத்தே?" சூப்பர்வைசரின் குரல் தணிந்திருந்தது.

"சத்தம் சரியில்லண்ணே."

கலைஞர் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அக்கா தன் டம்ளரில் மிச்சமிருந்த கோப்பி ஓவை, அதாவது பால் கலக்காத காப்பியை, கிண்ணத்துக்குள் ஊற்றிச் சுழற்றிக் கொட்டினாள். துணியால் துடைத்தாள். விளிம்பிலிருந்து அடிவரை முடி அளவில் ஒரு பழுப்புக் கோடு நின்றது.

இந்த விரிசல் நான் செய்ததில்லை, வழியில் விட்டது என்றார் கலைஞர். பிறகு மற்ற இருபத்தேழையும் தட்டிப் பார்த்து, பரிசுக்கு ஒன்றைத் தேர்ந்து தரும்படி அக்காவிடம் கேட்டார். அதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. சூப்பர்வைசர்கூடக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா எடுத்துக் கொடுத்தது, ஈயக்குட்டை மாதிரி வெடித்திருந்த அந்தக் கிண்ணம். "இதுக்குத்தான் மணிச் சத்தம்," என்றாள்.

சிவப்புக் குறிகளைத் துடைக்க வேண்டாம் என்று கலைஞர் சொல்லிவிட்டார். மறுநாள் நாளிதழில் என் செய்தி பத்து வரி வந்தது. அதில் அக்கா இல்லை. சூப்பர்வைசர் என்ன எழுதிக்கொடுத்தார் என்று நான் கேட்கவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அக்கா நீல நிற பஞ்ச் கார்டை வருகைக் கடிகாரத்தில் செருகினாள்.