மதினி கேட்ட பாட்டு

அந்தப் போன் இப்போதும் நான் பீடி சுற்றுகிற சுளகுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. பட்டன் போன். தலையில் சின்ன டார்ச் லைட். பின்மூடி நிற்காது என்று ரப்பர் பேண்ட் போட்டிருப்பேன். உயிர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. எடுத்து எறியத் தோன்றவில்லை. இலை பறக்காமல் இருக்க மேலே வைப்பேன். அதற்கு ஆகிறது.

மகள் பாளையங்கோட்டையில் நர்ஸுக்குப் படிக்கிறாள். அவள் ஹாஸ்டல் பிள்ளைகள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தினம் ஒருத்தி தனக்குப் பிடித்த பாட்டைப் போட வேண்டும். சும்மா போடக்கூடாது, அது ஏன் பிடித்தது என்று நாலு வரி எழுத வேண்டும். போன மாதம் வீட்டுக்கு வந்தவள் என்னிடம் கேட்டாள். "அடுத்தது என் முறைம்மா. அத்தை ஞாபகமா ஒரு பாட்டு போடப் போறேன். அத்தைக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" பாட்டைச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். அதற்குத்தான் வாய் வரவில்லை.

அவள் அத்தை என்றால் எனக்கு மதினி. என் வீட்டுக்காரருக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் தாய்வீட்டுக்கே திரும்பி வந்தவள். நான் முக்கூடலுக்கு வாக்கப்பட்டு வந்தபோது அந்த வளவில் மதினிதான் எல்லாம். வளவு என்றால் ஒரே வாசல், உள்ளே எதிரும் புதிருமாய் வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு அடிபம்பு. மத்தியானச் சோறு ஆனதும் பெண்கள் எல்லோரும் சுளகைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசல் நிழலுக்கு வந்துவிடுவார்கள். மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும். நடுவில் மதினியின் ரேடியோ. கை அதுபாட்டுக்குச் சுற்றும். காது ரேடியோவில் இருக்கும்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு நேயர் கேட்கிற பாட்டைப் போடும் நிகழ்ச்சி வரும். நாம் முன்னாடியே போன் போட்டுப் பேரும் நம்பரும் சொல்லி வைக்க வேண்டும். பிறகு அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள். என்ன பாட்டு, யாருக்காக, ஏன் அந்தப் பாட்டு என்று கேட்பார்கள். மதினிக்கு அதில் பெரிய கிறுக்கு. லைன் கிடைக்கிறவரை விடமாட்டாள். தனக்கென்று ஒரு பாட்டும் கேட்டதில்லை. வளவில் அந்த வாரம் நடந்ததைப் பார்த்து அதற்கு ஒரு பாட்டு கேட்பாள். எதிர்வீட்டு அக்கா நனைத்து வைத்திருந்த இலையை ஆடு தின்றுவிட்டது. மதினி ரேடியோவில் சொன்னாள், "தின்ன ஆட்டுக்கு ஒரு டான்ஸ் பாட்டு போடுங்க, அது நல்லாச் செமிக்கட்டும்." பீடிக்கடையில் ஒரு கட்டைச் சரியில்லை என்று கழித்துப் போட்டதற்கு ஒருதரம் சோகப் பாட்டு கேட்டாள். "யாரும்மா இறந்துட்டாங்க?" என்று அந்த அறிவிப்பாளர் பதறிப்போனார். "ஒரு கட்டு பீடி" என்றாள். நாங்கள் தூள் சிந்துகிறது தெரியாமல் சிரித்தோம். மறுநாள் ஆற்றில் துணி துவைக்கிற இடத்திலும் அதே பேச்சுதான்.

எனக்கு மட்டும் அவள் பாட்டு கேட்டதில்லை. நான் அதிகம் பேசாதவள். என்னைப் பற்றி ரேடியோவில் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் கொல்லத்தில் ஒரு ஓட்டலில் பரோட்டா போடப் போனார். மகள் அப்போது தவழ்கிற பிள்ளை. முதலில் தினமும் சாயங்காலம் போன் வரும். அடிபம்புப் பக்கம் நின்று பேசுவேன். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பிறகு வாரம் ஒருதரம் ஆனது. பிறகு வரவில்லை. நான் அடித்தால் எடுக்கவில்லை. அங்கே வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்த ஒருவர் என்னிடம் தனியாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறாராம். அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டதாம். கேட்டுக்கொண்டேன். அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. செத்துப்போயிருந்தால் நாலு பேர் முன்னால் அழலாம். உயிரோடு இருக்கிறவருக்கு எப்படி அழுவது? வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனார் என்பதை எந்த வாயால் சொல்வது?

வளவில் தினம் கேட்பார்கள். "என்னளா, வீட்டுக்காரரு பேசினாரா?" வஞ்சகமாகக் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரிதான். ஒருநாள் போனை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனேன். நம்பரை அமுக்கவில்லை. காதில் வைத்தேன். "சாப்ட்டீயளா? அங்கன மழையா? பிள்ள நல்லாருக்கா" என்றேன். அவர் பதில் சொல்வதற்கு நேரம் விட்டேன். பிறகு, "சரி, வைக்கேன்" என்றேன். திரும்பி வந்து சுளகை எடுத்து மடியில் வைத்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு சுகமாக இருந்தது. மறுநாளும் போனேன். அதுவே பழக்கமாகிவிட்டது. அஞ்சு மணிக்கு ரேடியோவில் பாட்டு ஆரம்பிக்கும். நான் அடிபம்புக்குப் போவேன். சத்தமாகத்தான் பேசுவேன். அவர்கள் கேட்கவேண்டும் என்றுதானே பேச்சு. சில நாள் சிரிக்கக்கூடச் செய்வேன். அது கொஞ்சம் கஷ்டம்.

மதினியின் போன் ஒருநாள் இலை நனைக்கிற வாளிக்குள் விழுந்துவிட்டது. எடுத்து வெயிலில் காயப்போட்டிருந்தாள். அன்றைக்கு நான் சுற்றிய பீடியைக் கடையில் கட்டுப் போடப் போயிருந்த நேரத்தில் அவள் என் போனை எடுத்து ரேடியோவுக்குப் பேசி என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் வேண்டாம் என்பேன் என்று தெரியும்.

அஞ்சு மணிக்கு வழக்கம்போலப் போனேன். காதில் வைத்தேன். "இன்னைக்குச் சாளை மீன் கொழம்பு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பின்னால் ரேடியோவில் அந்த அறிவிப்பாளர், அடுத்த நேயரை அழைக்கிறோம் என்கிறார். ரேடியோவுக்குள் மணி போகிற சத்தம் கேட்கிறது. அதே நேரம் என் காதோடு ஒட்டியிருந்த போன் அடித்தது.

உரக்க அடித்தது. காதைப் பிய்க்கிற சத்தம். கையை எடுக்கவும் தோன்றவில்லை. காதில் வைத்தபடியே நின்றேன். வாய் பாதி திறந்திருந்தது. பெண்கள் ரேடியோவைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்து சுளகைப் பார்த்தார்கள். பார்த்ததைவிடக் குனிந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. முற்றம் முழுக்கச் சிமெண்டு.

மதினி எழுந்தாள். மடியில் இருந்த இலைத் துண்டுகள் சிதறின. பைய நடந்துதான் வந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கிப் பட்டனை அமுக்கினாள். எதிர்வீட்டு அக்கா ரேடியோ சத்தத்தைக் குறைத்தாள்.

"முக்கூடல்ல இருந்து பேசுதேன். பீடி சுத்துதோம்."

எடுக்க ஏன் இவ்வளவு நேரம் என்று அந்த அறிவிப்பாளர் கேட்டிருக்க வேண்டும். மதினி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என் கண்ணில் இன்னும் இருக்கிறது. என் மானம் அப்போது அவள் நாக்கில் இருந்தது. அவள் என்ன சொன்னாலும் வளவு கேட்கும், ஊரே ரேடியோவில் கேட்கும்.

"நேரமாகாம என்ன செய்யும்? இது என் தம்பி பொஞ்சாதி போனு. அவ தம்பிகிட்ட பேசிக்கிட்டிருந்தா. நல்லாப் பேசிக்கிட்டு இருக்கையில நடுவுல அடிச்சுக் கெடுத்துப்புட்டீயளே! புருசன் பொஞ்சாதி பேச்சுல குறுக்க வரலாமா?"

அறிவிப்பாளர் சிரித்தது போனுக்கு வெளியே கேட்டது. மன்னிப்புக் கேட்டார் போல.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். அவளுக்கு நல்ல பாட்டாப் போடுங்க" என்று சொல்லி, ஒரு பாட்டைக் கேட்டாள். ஆற்றில் ஓடம் போகிற பழைய பாட்டு. ஏன் அந்தப் பாட்டு என்று கேட்டிருப்பார். மதினி என் பக்கம் திரும்பினாள்.

"இலை வெட்டும்போது இதத்தான் வாய்க்குள்ள பாடுவா. பாடுதது அவளுக்கே தெரியாது."

பாட்டு வந்தது. எதிர்வீட்டு அக்கா சத்தத்தைக் கூட்டி வைத்தாள். பாட்டு முடிகிறவரை நான் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார வேண்டுமானால் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். யார் கையும் நிற்கவில்லை. பீடி சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு மதினி அடுப்படிக்கு வந்தாள். நான் முகத்தைக் காட்டவில்லை. கஞ்சியை வடித்தேன்.

"நீ சிரிச்சு நாளாச்சு, பாடுததும் இல்லன்னுதான் அந்தப் பாட்டைக் கேட்டேன். இப்படி ஆகும்னு நெனைக்கல" என்றாள்.

சோற்றுப் பானையை நிமிர்த்தி வைத்தேன்.

"அவன் எடுக்க மாட்டான்னு எனக்குந் தெரியும்ளா. நானும் அடிச்சுப் பாக்கத்தான் செய்யுதேன்." பானை மூடியை எடுத்து என் கையில் கொடுத்து, "ஓடினவனுக்கு இல்லாத வெக்கம் ஒனக்கு எதுக்கு?" என்றாள்.

அது சரிதான். சரி என்று தெரிந்தால் வெட்கம் போய்விடுமா? அவருடைய அக்காவே எனக்காகப் பொய் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

மறுநாள் நான் சுளகை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அஞ்சு மணி ஆனது. எதிர்வீட்டு அக்கா, "ஏளா, போன் பேசப் போகலியா?" என்றாள். கேலி இல்லை. முகத்தைப் பார்த்தேன், கேலியே இல்லை. நான் எழுந்து போனேன். போகாவிட்டால் எல்லாம் பொய் என்று ஆகிவிடும். மதினி சொன்னதும் பொய்யாகிவிடும். போனைக் காதில் வைத்தேன். அப்போது பின்னால் ரேடியோ சத்தம் குறைந்தது. நான் பேசுவதற்கு வசதியாகக் குறைத்தார்கள். பாட்டு என்றால் உயிரை விடுகிற பெண்கள். எதிர்முனையில் யாருமில்லை என்று தெரிந்தும் குறைத்தார்கள்.

கொஞ்ச நாள் அப்படிப் பேசினேன். பிறகு பேசாமல் விட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்காரர் பேசினாரா என்ற கேள்வியே அந்த வளவில் இல்லாமல் போனது. மகள் வளர்ந்து கேட்டபோது மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "ஒங்கப்பா தெனம் போன்ல பேசுவாரு. ஒங்கம்மா பம்புகிட்ட நின்னு பேசுவா. பொறவுதான் என்னமோ ஆயிட்டு." பிள்ளை அதை நம்பியது. கொஞ்ச காலமாவது அப்பா தன்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார் என்று ஒரு நினைப்பு அதற்கு. நான் திருத்தவில்லை.

மதினி போன ஐப்பசியில் இறந்துவிட்டாள். களக்காட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் பந்தலில் நின்று, "கூடப்பொறந்த தம்பிக்குச் சொல்லியாச்சா?" என்று சத்தமாகக் கேட்டார். எதிர்வீட்டு அக்கா சட்டென்று சொன்னாள். "சொல்லியாச்சு. இப்பதான் பேசினாரு. வர முடியாதாம்." அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள். மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். "அப்பா பேசினாராம்மா? என்கிட்ட ஏன் குடுக்கல?" என்றாள். "லைன் கட்டாயிட்டு" என்றேன். அவள் முகம் போன போக்கை மதினி பார்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

அதனால்தான் போன மாதம் அவள் பாட்டுக்குக் காரணம் கேட்டபோது வாய் வரவில்லை. அவள் விடவில்லை. "காரணம் இல்லாம போடக்கூடாதும்மா" என்று சுளகுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான் இலை மேலிருந்த போனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இதுலதான் ரேடியோக்காரங்க கூப்பிட்டாங்க. ஒங்கத்தை எனக்காக அந்தப் பாட்டைக் கேட்டா."

"நீ எங்க இருந்த?"

"பம்புகிட்ட. ஒங்கப்பாகூடப் பேசிக்கிட்டிருந்தேன். அப்ப போன் அடிச்சுது."

அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரப்பர் பேண்டை விரலால் சுண்டினாள். காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு எடுத்தாள்.

"பேசிக்கிட்டிருக்கும்போது காதுல போன் இப்படி மணி அடிக்காதுல்லம்மா?"

இத்தனை காலத்தில் அந்த வளவில் யாரும் கேட்காதது. எல்லோருக்கும் தெரியும், ஒருத்தியும் கேட்கவில்லை. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"ஆமா" என்றேன். "அடிக்காது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்கள் அன்றைக்குக் குனிந்த மாதிரியேதான் இருந்தது. பிறகு போனை இலை மேல் இருந்த இடத்திலேயே, சத்தம் வராமல் வைத்தாள்.