சிங்களத்தில் நான் சொன்ன பொய்

போர்க்காலத்தில் கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலப் பிரிவில் தாதியாக இருந்தேன். டொக்டருக்குத் தமிழ் தெரியாது; நான்தான் மொழிபெயர்ப்பேன். ஒருநாள், முன்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த மகளோடு வந்தார். என் தம்பியைப் புலி என்று பொலிஸில் காட்டிக்கொடுத்தவர் அவர். தம்பி திரும்பவேயில்லை.

தகப்பனுக்குச் சிங்களம் தெரியும்; அவரை வெளியே நிற்கச் சொன்னேன்.

“செத்துப்போ எண்டு ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்குது, அக்கா,” என்றாள் அந்தப் பதினேழு வயதுப் பெண்.

“பரீட்சைப் பயமாம்,” என்று டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் மருந்தில்லாமல் அனுப்பினார். இந்தத் தகப்பனும் பிள்ளையை இழந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

வாசலில் அவள் என் கையைப் பிடித்தாள். “நீங்க இருந்தபடியாத்தான் டொக்டருக்கு விளங்கினது, அக்கா.”

அவளைக் கூட்டிக்கொண்டு திரும்ப ஓடி, டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவளை வார்டில் சேர்த்தார்கள். என் வேலை போனது. அவள் தகப்பனை இன்றும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த நாளை நினைத்தால், எனக்கு என்மீதுதான் பயம் வருகிறது.